மூளைக்காய்ச்சல்: தொற்று எங்கே வந்தது?

மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைகளைப் பாக்டீரியா தாக்குவதால் வரும் மூளைக்காய்ச்சல் சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. முதுகில் ஊசி போட்டு எடுக்கும் நீர் தெளிவாக இல்லாமல் அரிசி கழுவிய தண்ணீர்போலக் கலங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் எந்தக் கிருமி என்று ஆய்வகம் வளர்த்துப் பார்த்துச் சொல்ல ஓரிரு நாள் ஆகும். மருந்தை அதற்கு முன்பே ஏற்றியாக வேண்டும். அப்போது மருத்துவருக்குக் கைகொடுக்கும் முக்கியமான துப்பு, தொற்று மருத்துவமனைக்கு வெளியே வந்ததா, மருத்துவமனையிலேயே வந்ததா என்பதுதான்.

பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 1962 முதல் 1988 வரை பெரியவர்கள் 445 பேருக்கு 493 முறை இந்த நோய் வந்ததை ஆராய்ந்து, 1993இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றில் 40 சதவீதம் மருத்துவமனையில் தொற்றியவை. வெளியே தொற்றியவற்றில் நிமோகாக்கஸ் முதலிடம் பிடித்தது. மூக்கிலும் தொண்டையிலும் தொல்லை தராமல் தங்கியிருக்கும் இக்கிருமி, சமயம் பார்த்து ரத்தத்தில் கலந்து மூளையுறையை எட்டும். மருத்துவமனைத் தொற்றில் மேலோங்கியிருந்தவை கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்கள். இவ்வகைத் தொற்று பெரும்பாலும் மூளை அறுவை சிகிச்சைக்கோ தலைக்காயத்துக்கோ பின் வருகிறது. மூளையில் தேங்கும் நீரை வடிக்க மண்டையோட்டில் துளையிட்டுச் செருகும் குழாய், கட்டிலருகே தொங்கும் பையில் வந்து முடிகிறது. அதன் இணைப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கிருமி நுழைய வழி கிடைக்கிறது.

எல்லாக் கிருமிகளையும் கொல்லும் மருந்தை எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். வெளியிலிருந்து வருபவருக்கு வழக்கமாகத் தொடங்கும் செஃப்ட்ரியாக்சோன், மருத்துவமனைகளில் உலவும் சூடோமோனாஸ் என்ற கிராம் நெகட்டிவ் கிருமியிடம் பலிக்காது. அங்கே மெரோபெனம் போன்றவை தேவைப்படும். ஆனால் அவற்றைத் தேவையில்லாதவருக்கும் கொடுத்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். மெரோபெனத்துக்கே மசியாத அசினெட்டோபாக்டர் என்ற கிருமி நம் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஏற்கெனவே இருக்கிறது. அறிகுறிகளை மட்டும் நம்பவும் முடியாது. நெதர்லாந்தில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், காய்ச்சல், கழுத்து விறைப்பு, நினைவு மாற்றம் மூன்றும் சேர்ந்திருந்தது 44 சதவீதத்தினரிடம்தான். அறுவை முடிந்து மயக்கத்தில் கிடப்பவரிடம் இவற்றைக் கண்டறிவது இன்னும் கடினம்.

மருத்துவமனைத் தொற்றைப் பற்றிப் பேசினால் மக்கள் அறுவை சிகிச்சைக்கே பயப்படுவார்கள் என்ற கவலை நியாயமானதே. ஆனால் மண்டையோட்டைத் திறந்து செய்யும் அறுவைக்குப் பின் இந்தத் தொற்று வருவது சுமார் நூற்றில் ஒருவருக்குத்தான். கை சுத்தமும், தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடுவதும் அதையும் குறைக்கும். வெளியே வரும் தொற்றுகள் பலவற்றுக்குத் தடுப்பூசி இருக்கிறது. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஹிப் கிருமியையும் தடுக்கும் பென்டாவேலன்ட் தடுப்பூசியை 2011 டிசம்பரில் தமிழகமும் கேரளமும்தான் நாட்டிலேயே முதலில் அரசுத் திட்டத்தில் சேர்த்தன. குடும்பத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. தலைக்குள் ஷன்ட் (மூளை நீரை உடலுக்குள்ளேயே வடிக்கும் குழாய்) பொருத்தியவருக்கு வீட்டுக்கு வந்து மாதங்கள் கழித்தும் தொற்று வெளிப்படலாம். காய்ச்சலும் தலைவலியுமாக அவரைக் கூட்டிப் போகும்போது, பழைய அறுவை, ஷன்ட், தலையில் பட்ட அடி, மூக்கிலிருந்து ஒழுகும் தெளிந்த நீர் ஆகியவற்றைக் கேட்கும்வரை காத்திராமல் சொல்லிவிட வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு கொடுக்க வேண்டும். சரியான மருந்தை முதல் மணி நேரத்திலேயே தேர்ந்தெடுக்க அது உதவும்.