கோடையில் சில நூல்கள்

நெசவாளர் சங்கம் ஒன்றில் நூலைப் பற்றிப் பேச வந்தேன் என்று சொன்னால், விலை ஏறிற்றா, இறங்கிற்றா என்றே அங்கத்தினர்கள் கேட்பார்கள். இன்று நான் எழுதப் புகுந்தது படிக்கும் நூல்களைப் பற்றி. எனினும் இவ்விரு நூல்களுக்கும் உள்ள தொடர்பு சிறிதன்று. மார்ச்சு 31-ல் கணக்கு முடிந்து, ஏடுகள் தணிக்கைக்குச் சென்ற பின், சித்திரை வெயிலில் பிற்பகல் வேளைகளில் ஊர் ஊராகச் செல்ல இயலாமல் சங்கத் திண்ணைகளில் அமர்ந்திருக்க நேர்கிறது. அவ்வேளைகளில் படித்தவையே இவை. நிச்சயம் இல்லாத காரியங்களில் மனிதர் எவ்வாறு முடிவு செய்கின்றனர் என்பதே இவை யாவற்றிற்கும் பொருள்.

இப்பொருளில் எனக்கு நாட்டம் பிறந்ததற்குக் காரணம் என் தவறு ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் நிர்வாகக் குழு, விலை ஏறும் என்று எண்ணி, ஆறு மாதத் தேவைக்கான நூலைக் கடன் பெற்று ஒரே முறையில் வாங்கிற்று. விலை ஏறிற்று. குழுவின் தீர்க்கதரிசனத்தை மெச்சி என் அறிக்கையில் எழுதினேன். மறு ஆண்டில் வேறொரு சங்கம் அதே காரியத்தைச் செய்தது. விலை இறங்கிற்று. நூல் கிடங்கில் முடங்க, வட்டி வளர, தீபாவளிக்கு முன் நெசவாளருக்குச் சேர வேண்டிய கூலியில் பாதியையே கொடுக்க முடிந்தது. அக்குழு முன்யோசனை அற்றது என்று கடுமையாக எழுதினேன். பின்னர் ஒருநாள் இரு சங்கங்களின் தீர்மானப் புத்தகங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க நேர்ந்தது. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே வாசகம். முடிவில் "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்ற அதே வரி. எதனால் வாங்கினார்கள், விலை இறங்கினால் என்ன செய்வது என்று எவரேனும் கேட்டார்களா என்பதற்கு இரண்டிலும் ஒரு சொல் இல்லை. இரு குழுக்களும் ஒரே சூதையே ஆடியிருந்தன. நானோ ஆட்டத்தைத் தணிக்கை செய்யாமல், தாயக்கட்டை விழுந்த விதத்தைத் தணிக்கை செய்திருந்தேன்!

இம்மயக்கத்தைத் தெளிவாக எடுத்துரைப்பது டேனியல் கானெமான் என்னும் உளவியல் அறிஞரின் "திங்கிங், ஃபாஸ்ட் அண்டு ஸ்லோ" என்ற நூல். 2002-ல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு பெற்ற இவர் இந்நூலை 2011-ல் வெளியிட்டார், 2024-ல் காலமானார். நடந்து முடிந்த பின் "எனக்கு அப்போதே தெரியும்" என்று சொல்லும் இயல்பு பற்றி அவர் எடுத்துக்காட்டும் ஆராய்ச்சி சுவையானது. 1972-ல் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் புறப்படும் முன்னர், அப்பயணங்களால் என்னென்ன விளையக்கூடும், எவ்வளவு விளையக்கூடும் என்று பலரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டனர். பயணம் முடிந்தபின், நீங்கள் முன்னர் சொன்னது என்ன என்று அவர்களையே மீண்டும் கேட்டபோது, நடந்துவிட்ட காரியங்களுக்குத் தாம் முன்பே மிகுந்த வாய்ப்பு அளித்திருந்ததாகப் பலரும் நினைவு கூர்ந்தனர். அவர்கள் பொய் சொல்லவில்லை. நினைவே அவ்வாறு திரிந்துவிடுகிறது. நஷ்டம் கண்ட பிறகு கூடும் மகாசபையில் "நான் அன்றைக்கே சொன்னேன்" என்று எழுபவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதுமையன்று.

அதே நூலில் கானெமான் தம் கதையையும் ஒளியாமல் சொல்கிறார். இஸ்ரேல் நாட்டில் முடிவெடுக்கும் முறையைப் பள்ளி மாணவருக்குக் கற்பிக்க ஒரு பாடநூல் எழுதும் குழுவை அவர் அமைத்தார். வேலை எத்தனை ஆண்டில் முடியும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே தாளில் எழுதினர். ஒன்றரை ஆண்டு முதல் இரண்டரை ஆண்டு வரை என்றே எல்லோரும் எழுதியிருந்தனர். பிறகு குழுவிலிருந்த அனுபவசாலி ஒருவரிடம், இத்தகைய மற்றக் குழுக்களுக்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டார். அவர் முகம் சிவந்து, நூற்றுக்கு 40 குழுக்கள் வேலையை முடிக்கவே இல்லை என்றும், முடித்தவற்றில் எதுவும் ஏழு ஆண்டுக்குக் குறைந்து முடிக்கவில்லை என்றும் சொன்னாராம். அவரும் சற்று முன்பு குறைந்த ஆண்டுகளையே எழுதியிருந்தார்! குழு கலையவில்லை. பாடநூல் எட்டு ஆண்டுகளில் முடிந்தது, பயன்படவே இல்லை. சாயப்பட்டறை, கிடங்கு என்று புதிய கட்டட மதிப்பீடுகள் என் மேசைக்கு வரும்போது, இப்போதெல்லாம் மதிப்பீட்டைப் பார்க்கும் முன், அருகிலுள்ள சங்கங்களில் அதே வேலை எத்தனை நாளில், எவ்வளவு செலவில் முடிந்தது என்று கேட்டு எழுதச் சொல்கிறேன்.

இரண்டாவதாகச் சொல்லத்தக்கது பௌதிக அறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன் எழுதிய சிறு அறிக்கை. 1986 ஜனவரி 28-ல் "சாலஞ்சர்" என்னும் அமெரிக்க விண்கலம் வெடித்து எழுவர் மாண்டனர். குளிரில் விறைத்த ரப்பர் வளையம் ஒன்று காரணமாயிற்று. கலம் அழியும் அபாயம் எவ்வளவு என்று கேட்டபோது, கையால் வேலை செய்யும் எஞ்சினியர்கள் நூற்றில் ஒன்று என்றனர். நிர்வாகத்தினர் லட்சத்தில் ஒன்று என்றனர். முந்திய பயணங்களிலும் வளையம் அரிக்கப்பட்டிருந்தது. ஆனால் கலம் தப்பி வந்ததையே பத்திரத்திற்குச் சான்றாகக் கொண்டனர். என் முதல் அறிக்கையும் இந்த வகையைச் சேர்ந்ததே.

கரும்பு பயிரிடும் அங்கத்தினர்கள் தவறாமல் அறிய வேண்டியது மூன்றாவது நூல். செந்தில் முல்லைநாதன், எல்தார் ஷஃபீர் ஆகிய இருவர் 2013-ல் வெளியிட்ட "ஸ்கேர்சிட்டி" என்பது அதன் பெயர். பற்றாக்குறை என்று பொருள். இதில் வரும் முக்கியமான ஆராய்ச்சி நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை வெட்டுக்கு முன் ஒரு முறையும், வெட்டுக்குப் பின் ஒரு முறையும் கண்டு, விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்கும் படப் புதிர்களைக் கொடுத்துப் பார்த்தனர். வெட்டுக்கு முன் நூற்றுக்கு 78 பேர் ஏதேனும் ஒன்றை அடகு வைத்திருந்தனர். பின்னர் 4 பேரே. கரும்புப் பணம் ஆண்டுக்கு ஒருமுறை வருவது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆலையின் அரைவைத் திறன் அளவுபட்டது. ஆகவே வெட்டு உத்தரவு ஒருவருக்கு ஒரு மாதம், அடுத்தவருக்கு வேறு மாதம் என்று வரும். இதனால் பருவ மாற்றத்தின் விளைவு வேறு, பணமுடையின் விளைவு வேறு என்று பிரித்தறிய முடிந்தது. அதே மனிதர்கள், பணம் வந்த பின் விடையளித்ததைவிட, வருவதற்கு முன் குறைவாகவே விடையளித்தனர். அறிவு குறையவில்லை; கவலை அதன் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

2016-ல் அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த வேறு சிலர் அத்தகைய வேறுபாட்டைக் காணவில்லை என்பதையும் சொல்லிவிடுவது முறை. எனினும் சம்பளக்காரரின் சில நாள் முடை வேறு. ஓராண்டுக் கரும்புக்காரரின் முடை வேறு என்பது என் எண்ணம்.

நம் சங்கங்களில் கடன் பத்திரங்களிலும், பயிர் இன்ஷூரன்ஸ் படிவங்களிலும், தவணை மாற்றங்களிலும் எந்த மாதத்தில் கையொப்பம் வாங்குகிறோம்? கை வறண்டிருக்கும் மாதத்தில்தான். அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு கடன், எந்த ரகம், எத்தனை தவணை என்ற பேச்சைப் பட்டுவாடா முடிந்த இரண்டாம் வாரத்தில் வைத்துக்கொள்வதற்குச் சட்டத்தில் தடை ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. நெசவாளர் சங்கங்களில் தீபாவளிக்கு முந்திய நெருக்கடி நாட்களுக்கும் இது பொருந்தும்.

இந்நூல்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. கல்லூரியில் படிக்கும் மகனோ மகளோ விடுமுறைக்கு வந்திருக்கும் வீடுகளில், மாலையில் ஓர் அத்தியாயத்தைப் படித்துப் பொருள் சொல்லச் செய்யலாம். கானெமானின் நூல் பெரியது. முழுவதையும் படிக்க வேண்டுமென்பதில்லை.

நஷ்டம் கண்ட அந்தச் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் இப்போது ஒவ்வொரு கொள்முதலுக்கும் காரணத்தையும், விலை இறங்கினால் செய்யத்தக்கதையும், மாறுபட்ட கருத்துடைய டைரக்டரின் பெயரையும் எழுதுகிறார்கள். என் பழைய அறிக்கையைத் திருத்தும் அதிகாரம் எனக்கு இல்லை. ஆகவே அன்று தலைவராக இருந்த பெரியவரை அவர் வீட்டில் கண்டு, நான் எழுதியது நியாயமன்று என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் பாவு நனைத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஐயா, அந்த வருஷம் விலை ஏறியிருந்தால் இதைச் சொல்ல வந்திருப்பீர்களா?" என்றார்.