பாங்கொங் ஏரியின் மேல் எழுந்த ஒளி

எல்லையிலே இராக் காவல் புரியும் போர்வீரனுக்கு ஆகாயத்தில் தோன்றும் ஒவ்வோர் ஒளியும் ஒரு வினாவாகும். பகைவரின் விமானமோ, வேவுக் கருவியோ, வெறும் விண்மீனோ என்று அவன் விரைந்து தீர்மானித்தாக வேண்டும்.

2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதந் தொட்டு இத்தகைய வினாவொன்று லடாக்கிலிருந்த இந்தியத் துருப்புக்களை வாட்டிற்று. அங்கே, ஏறக்குறைய 14,000 அடி உயரத்தில், பாங்கொங் என்னும் நீண்ட உவர்நீர் ஏரி கிடக்கிறது. அதன் மேற்குப் பகுதி இந்தியாவின் வசமும், கிழக்கிலுள்ள பெரும்பகுதி சீனாவின் வசமும் உள்ளன. சீனப் பக்கத்து அடிவானத்தில் மஞ்சள் நிற ஒளியுருண்டைகள் எழுவதையும், சில மணி நேரம் மெல்ல நகர்ந்து மறைவதையும் காவலர் கண்டனர். ஒன்று மாலை 6 மணியளவிலும், மற்றொன்று அதிகாலை 4 மணியளவிலும் தோன்றின.

2013 பெப்ரவரி வரையில் இவ்வாறு 329 தோற்றங்கள் பதிவாயின. அவற்றுள் 155 தடவை அப்பொருள்கள் எல்லையைக் கடந்து வந்தன என்றும் எழுதப்பட்டது. ஆளில்லாச் சீன விமானங்களோ என்ற ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. 1962ஆம் ஆண்டுப் போரில் இரத்தம் சிந்திய மண்ணல்லவா அது? போதாக்குறைக்கு, 2013 ஏப்பிரலில் லடாக்கின் டெப்சாங் சமவெளியில் சீனத் துருப்புக்கள் கூடாரமடித்தன. இரு படைகளும் மூன்று வாரகாலம் எதிரெதிரே நின்றன. அவ்வேளையில் ஒளியை நோக்கி ஒரு வேட்டுத் தீர்க்கப்பட்டிருப்பினும் விளைவு யாதாகியிருக்கும்!

இராணுவம் நடமாடும் றேடார் கருவியொன்றை மலைமீது கொண்டுபோய் நிறுத்திற்று. கண்ணுக்குத் தெரிந்த பொருள் றேடாருக்குத் தெரியவில்லை. இது திகிலைப் பெருக்கியது. உண்மையிலோ அந்த மௌனமே பாதி விடையாகும்.

பின்னர் பெங்களூரிலுள்ள இந்திய வான்பௌதிக நிறுவனத்தின் உதவி நாடப்பட்டது. அந்த ஒளிகள் பூமியைச் சார்ந்தனவா, வானைச் சார்ந்தனவா என்பதே வானியலார் எடுத்துக்கொண்ட கேள்வி. பூமியின் சுழற்சியால் வானம் முழுவதும் மணிக்கு 15 பாகை வீதம் மேற்கே நகர்வதுபோலத் தோன்றும். விமானம் அந்தக் கதிக்குக் கட்டுப்படாது. 2013 யூலையில் முடிவு வெளியாயிற்று: மாலையில் தோன்றியது வியாழன், அதிகாலையில் தோன்றியது வெள்ளி. 2012 டிசெம்பரில் வியாழன் பூமிக்கு அண்மித்து நின்றபோதும் இடைத்தூரம் 60 கோடி கிலோமீற்றர். எந்தக் காவற்படையின் றேடாரும் அதை எட்டாது.

பழகிய கண்கள் ஏமாந்தது எப்படி? அவ்வுயரத்தில் காற்று மெல்லியது. தூசியும் ஈரமும் குறைவு. ஆகவே கோள்கள் சமவெளியிற் காண்பதிலும் பிரகாசமாக ஒளிரும். இருளில் தனித்த ஒளியை நெடுநேரம் உற்று நோக்கினால், அது அசையாவிடினும் அசைவதாகவே கண் கூறும். இவற்றோடு திசையும் சேர்ந்துகொண்டது. வானிலுள்ள எதுவும் கிழக்கில் உதித்து மேற்கே செல்வது. அங்கே கிழக்கில் இருப்பது சீனப் பக்கம், மேற்கில் இருப்பது இந்தியப் பக்கம். உதித்த கோள் ஒவ்வோர் இரவும் 'எல்லை மீறியே' தீரும்.

காவலரைப் பரிகசிப்பது நியாயமன்று. உறைபனியில் நின்று, தோன்றிய வேளையையும் நகர்ந்த விதத்தையும் அவர்கள் குறித்துவைத்தனர். புதிரை விடுவிக்க வானியலாருக்குக் கைகொடுத்தவை அந்தக் குறிப்புகளே.