பார்க்காத விலங்கை வரைவது எப்படி?

கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கல்வராயன் மலையில் இதுவரை யாருமே பார்க்காத ஒரு விலங்கு திரிகிறது. எப்படி இருக்கும் அது? மனத்துக்குள் வரைந்து பாருங்கள்.

வந்துவிட்டதா? கரடி உடம்பு, பலாப்பழத் தோல், மயில் வால் என்று ஏதாவது ஒன்று வந்திருக்கும். ஒவ்வொன்றும் நீங்கள் எப்போதோ பார்த்ததுதான். சேர்மானம்தான் புதிது! கோயில் தூணில் நிற்கும் யாளியும் இப்படித்தான் பிறந்தது. சிங்க உடம்பில் யானைத் துதிக்கையை ஒட்டவைத்தார் யாரோ ஒரு சிற்பி.

இந்த ஒட்டுவேலையில் மூளைக்குள் பெரும்பங்கு 'ஹிப்போகேம்பஸ்' என்ற பகுதிக்கு. இரண்டு காதுகளுக்கும் உட்புறமாக, பக்கத்துக்கு ஒன்றாக, கடற்குதிரை போல வளைந்து கிடக்கும். நேற்று நடந்ததை நினைவில் வைப்பது அதன் வேலை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள்.

2007-இல் லண்டனில் டெமிஸ் ஹசாபிஸ் என்பவரும் அவருடைய குழுவினரும், அந்தப் பகுதி பழுதாகி நினைவை இழந்தவர்களிடம் ஒரு வேலை கொடுத்தார்கள். "அழகான கடற்கரையில் படுத்திருக்கிறீர்கள். சுற்றிலும் என்ன தெரிகிறது, சொல்லுங்கள்." பெரும்பாலோரால் முடியவில்லை. வானம், பறவைச் சத்தம் என்று துண்டு துண்டாகத்தான் வந்தது. முழுக் காட்சியாகக் கூடவில்லை. நேற்றை நினைக்கவும், நடக்காததைக் கற்பனை செய்யவும் மூளைக்கு ஒரே பட்டறைதான் போலிருக்கிறது.

இந்தப் பட்டறை வேலையை ஒரு பழைய பாட்டில் பார்க்க, இனி நம்ம ஊருக்கு வருவோம். கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூரில், தென்பெண்ணை ஆற்றுக்குள் 'கபிலர் குன்று' என்றொரு பாறை இருக்கிறது. சங்கப் புலவர் கபிலர் அங்கேதான் உயிர்விட்டார் என்பார்கள். அருகே கீழையூர் வீரட்டானேஸ்வரர் கோயிலில், முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டும் அவர் முடிவைப் பற்றிப் பேசுகிறது.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் ஒரு தலைவியும் தோழியும் அருவியில் குளித்துவிட்டு, பூப்பறித்துப் பாறைமேல் குவிக்கிறார்கள். மொத்தம் 99 பூக்கள்! அந்தப் பெண்கள் கற்பனை. பூக்கள் நிஜம்.

கொஞ்சம் துப்பறிவோமா? பட்டியலில் அடும்பு இருக்கிறது. அது கடற்கரை மணலில் படரும் கொடி. மலைப்பாறையில் அதற்கென்ன வேலை? குளத்துத் தாமரையும் இருக்கிறது. காந்தள் மழைக்காலத்தில் பூக்கும். இலவமோ இலையெல்லாம் உதிர்ந்தபின், மாசி, பங்குனியில் பூக்கும். இரண்டையும் ஒரே நாளில் யார் பறித்திருக்க முடியும்?

என்னைக் கேட்டால், பூக்கள் குவித்த அந்தப் பாறையைக் கபிலர் தன் தலைக்குள்தான் வைத்திருந்தார். பல ஊர்களில், பல பருவங்களில் பார்த்ததையெல்லாம் அதன்மேல் கொட்டிவிட்டார். நீங்கள் மயில் வாலைக் கரடிக்கு மாட்டிவிட்டீர்களே, அதே வேலை. ஆனால் கபிலரிடம் கையிருப்பு அதிகம். பார்த்த பூவுக்கெல்லாம் பெயரும் தெரிந்திருந்தது.

உங்கள் கையிருப்பு எவ்வளவு? 99-இல் வாழைப்பூவும் அவரைப்பூவும்கூட உண்டு, அபூர்வமானவை அல்ல. எங்கே, பந்தலை எட்டிப் பார்க்காமல் சொல்லுங்கள்: உங்கள் ஊர் அவரைப்பூ என்ன நிறம்?