ஓர் அங்குல ஏற்றத்துக்கு ஓர் அடி

இணையக் கோல்ஃப் ஆட்டத்தில் முதல் அடி அநேகமாக எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் போய் விழுகிறது. சில மாதம் ஆடிப் பழகிய எவரும், கையில் நல்ல டிரைவர் மட்டை இருந்தால், பந்தை ஃபேர்வேயின் நடுவில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார். அடுத்த அடியில், குழி இருக்கும் கிரீனை நெருங்கியும்விடுவார். ஆட்கள் பிரிவது அதற்கப்புறம்தான். ஒருவர் இரண்டு தட்டில் பந்தைக் குழிக்குள் இறக்கிவிட்டு அடுத்த குழிக்கு நகர்கிறார். இன்னொருவர் அதே இடத்திலிருந்து நான்கு தட்டுத் தட்டுகிறார்.

நிஜ கோல்ஃபில் கணக்கு இப்படியில்லை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களின் அடிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். முன்னணி வீரர்களைச் சராசரி வீரர்களிடமிருந்து பிரிக்கும் வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு, 100 கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில்தான் இருக்கிறது என்றார். கிரீனில் உருட்டும் ‘பட்டிங்’ அடிகளின் பங்கு சுமார் 15 சதவீதம். தூர அடிக்கு உடம்பு வேண்டும், இடுப்பு திரும்ப வேண்டும், பல வருடப் பயிற்சி வேண்டும். அதனால் அங்கே வித்தியாசம் பெரிது.

திரையில் இவை எதுவும் வேண்டாம். 1984-ல் நிண்டெண்டோ வெளியிட்ட ‘கோல்ஃப்’ என்ற ஆட்டத்தை எழுதியவர் சடோரு இவாடா, பின்னாளில் அந்த நிறுவனத்தின் தலைவரானவர். திரையில் ஓடும் ஒரு மீட்டர், அதைத் தொடங்க ஒரு சொடுக்கு, வேகத்துக்கு ஒன்று, குறிக்கு ஒன்று என்ற முறையை அந்த ஆட்டம் பரவலாக்கியது. நாற்பது வருடமாக அதன் வாரிசுகள்தான் திரையை ஆள்கின்றன. 300 கஜ டிரைவும் மூன்று சொடுக்கு, மூன்றடி பட்டும் மூன்று சொடுக்கு. விரல் பழகிவிட்டால் தூர அடி சுலபம். பற்றாக்குறைக்கு நல்ல மட்டையைக் காசு கொடுத்தே வாங்கிக்கொள்ளலாம். சரிவைக் கணக்கிடும் மூளையைத்தான் எந்தக் கடையிலும் விற்பதில்லை. நிஜத்தில் 15 சதவீதமாக இருந்த இடம் திரையில் பிரதான இடமாகிவிடுவது இதனால்தான்.

இந்த வகையில் நெடுநாள் நிலைத்த ஆட்டம் ‘வேர்ல்டு கோல்ஃப் டூர்’. ஆடுகிறவர்கள் சொல்வது டபிள்யூஜிடி. 2008 வாக்கில் உலாவியிலேயே ஆடும்படி வந்தது. 2016-ல் டாப்கோல்ஃப் நிறுவனம் வாங்கியது. பெப்பிள் பீச், பெத்பேஜ் பிளாக், செயின்ட் ஆண்ட்ரூஸ் போன்ற நிஜ மைதானங்களை ஹெலிகாப்டரிலும் தரையிலும் இருந்து படமெடுத்து, அந்தப் படங்களின் மேலேயே பந்தை ஓடவிடுகிறது. பார்க்க அழகு, படிக்கக் கஷ்டம். புகைப்படத்தில் புல் எல்லாம் தட்டையாகத்தான் தெரியும். கண்ணை நம்பி உருட்டுகிறவர் அங்கேயே தோற்றுவிடுகிறார். நம்ப வேண்டியவை திரையின் ஓரத்தில் இருக்கும் எண்கள்: குழி எத்தனை அடி தூரம், பந்தைவிட எத்தனை அங்குலம் மேலே அல்லது கீழே.

அந்த எண்களோடு சேர வேண்டிய மூன்றாவது எண் கிரீனின் வேகம். அதற்கு ஒரு கதை உண்டு. 1935-ல் அமெரிக்காவின் ஓக்மான்ட் மைதானத்தில் யு.எஸ். ஓப்பன் நடந்தது. கிரீன்கள் அவ்வளவு வழுக்கல். நான்கு சுற்றிலும் சேர்த்து 300-க்குள் முடித்தவர் வெற்றி பெற்ற சாம் பார்க்ஸ் ஒருவர்தான், அவரும் 299. ஜீன் சரஸன் உருட்டிய பந்து கிரீனைத் தாண்டி மணல்குழிக்குள் போனதை எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற அமெச்சூர் வீரர் பார்த்தார். கிரீன் நியாயமில்லாத வேகத்தில் இருக்கிறது என்று பட்டது. அதை நிரூபிக்க ஓர் அளவுகோல் செய்தார். இன்றைய வடிவம் 36 அங்குல அலுமினியத் தண்டு. அதன் பள்ளத்தில் பந்தை வைத்து, தானாக உருளத் தொடங்கும்வரை தண்டின் முனையை மெல்லத் தூக்க வேண்டும். தட்டைத் தரையில் பந்து எத்தனை அடி ஓடி நிற்கிறதோ அதுவே கிரீனின் ‘ஸ்டிம்ப்’ எண். பெரிய போட்டிகளில் 12, 13 என்று வரும். இணைய ஆட்டங்களில் ‘ஸ்லோ’வில் தொடங்கி ‘சாம்பியன்ஷிப்’வரை பல படிகளில் பெயரிட்டு வைத்திருப்பது இந்த வேகத்தைத்தான்.

இனி கணக்குக்கு வரலாம். ஸ்டிம்ப் தண்டிலிருந்து பந்து வினாடிக்கு ஏறக்குறைய 6 அடி வேகத்தில் இறங்குகிறது. 10 அடி ஓடி நிற்கிறது என்றால் புல் அதை எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்பது பள்ளிக்கூட இயற்பியலிலேயே கிடைத்துவிடும். அதோடு ஈர்ப்பு விசையின் இழுப்பைச் சேர்த்தால் ஒரு அழகான விடை வருகிறது: ஸ்டிம்ப் 10 கிரீனில், குழி ஓர் அங்குலம் மேலே இருந்தால் தூரத்தோடு ஏறக்குறைய ஓர் அடி கூட்ட வேண்டும், ஓர் அங்குலம் கீழே இருந்தால் ஓர் அடி கழிக்க வேண்டும். பழைய ஆட்டக்காரர்கள் அனுபவத்தில் சொல்லிவந்த விதியும் இதுவே. இயற்பியல் அதற்குக் கையெழுத்துப் போடுகிறது.

20 அடி தூரம், 5 அங்குல ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 அடிக்கு அடிக்க வேண்டும். அதே சரிவில் மேலிருந்து கீழே வந்தால் 15 அடிக்கு. பத்தடி வித்தியாசம்! புதிதாக வருகிறவர் இரண்டுக்கும் 20 அடிக்கே அடித்துவிட்டு, ‘சர்வர் சதி’ என்கிறார்.

கிரீன் வேகமானால் இந்த விகிதமும் மாறும். ஸ்டிம்ப் 13-ல் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 1.4 அடி. மேலே சொன்ன அதே தட்டு, ஏறும்போது 27 அடி ஆகிறது; இறங்கும்போது 13 அடியாகச் சுருங்குகிறது. மெதுவான கிரீனில் ஓர் அடிக்கும் குறைவாகவே கூட்ட வேண்டியிருக்கும். நினைவில் வைக்கச் சுலபமான வழி: ஸ்டிம்ப் எண்ணைப் பத்தால் வகுத்து, அங்குலத்தால் பெருக்கிக்கொள்வது. வேகமான கிரீனில் அதற்குமேல் கொஞ்சம். சரிவு மிகவும் கூடினால் எந்தக் கணக்கும் நிற்காது. ஸ்டிம்ப் 13 கிரீனில் சுமார் 6 சதவீதச் சரிவு வந்துவிட்டால், கீழ்நோக்கி உருட்டிய பந்து, சாய்த்த தாம்பாளத்தில் விட்ட கோலிக்குண்டு மாதிரி, நிற்கவே நிற்காது. அங்கே உருட்டுவது கெட்டிக்காரத்தனமே இல்லை; அந்தப் பக்கம் பந்தைக் கொண்டுபோய் நிறுத்தாமல் இருப்பதுதான். அதற்குப் பிறகு வருவோம்.

பக்கவாட்டுச் சரிவு இதைவிடச் சிக்கல். இதைக் காட்டத் திரையில் கிரீனின் மேல் கட்டங்கள் விரிகின்றன, கோடுகளில் புள்ளிகள் ஊர்கின்றன. புள்ளி எந்தப் பக்கம் ஊர்கிறதோ பந்தும் அந்தப் பக்கம் வளையும். வேகமாக ஊர்ந்தால் அதிகம் வளையும். இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். பலர் கோட்டைவிடுவது எந்தப் புள்ளிகளைப் பார்ப்பது என்பதில். பந்தின் அருகே இருக்கும் புள்ளிகளைப் பார்த்துவிட்டு உருட்டுகிறார்கள். அங்கே பந்து வேகமாகப் போகிறது, வளைய நேரமில்லை. குழியை நெருங்க நெருங்க வேகம் குறைகிறது, சரிவு பிடித்து இழுக்க அவகாசம் கிடைக்கிறது. கடைசி மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் ஊரும் புள்ளிகளுக்குத்தான் அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும். முதல் பாதி இடப்பக்கம், கடைசிப் பாதி வலப்பக்கம் என்று சரிவு மாறினால், இரண்டும் சரிக்குச் சரி என்று விட்டுவிடக் கூடாது. வலப்பக்கமே ஜெயிக்கும்.

வளைவும் வேகமும் தனித்தனி இல்லை என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. அழுத்தி அடித்தால் வளைவு குறையும், தவறினால் பந்து தூரமாக ஓடிவிடும். மெதுவாக விட்டால் குழியின் வாசலில் வந்து நிற்கும். குழியின் விட்டம் நாலே கால் அங்குலம், பந்து 1.68 அங்குலம். மெதுவாக வரும் பந்துக்கு அந்த அகலம் முழுவதும் திறந்திருக்கிறது. வேகமாக வரும் பந்துக்கு நடுப்பகுதி மட்டும். நாசாவில் இயற்பியலாளராக இருந்து கோல்ஃப் பயிற்சியாளரான டேவ் பெல்ஸ், தவறினால் குழிக்கு 17 அங்குலம் தாண்டி நிற்கும் வேகமே நல்லது என்று கணக்கிட்டுச் சொன்னார். திரையிலும் ஓர் அடி, ஒன்றரை அடி கூடுதலாக வைத்து அடிப்பது சரியாகவே வேலை செய்கிறது. செங்குத்தாக இறங்கும் பட்டுக்கு மட்டும் இந்தத் தாராளம் ஆகாது.

மீட்டரைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. டபிள்யூஜிடி போன்ற ஆட்டங்களில், கிரீனில் உருட்டும் மட்டையான பட்டரின் மீட்டர் முழுசாக ஓடினால் இத்தனை அடி என்று ஓர் அளவு உண்டு. அதைக் கூட்டிக் குறைக்கலாம். திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. மீட்டர் முழுவதும் ஓட ஒன்றரை வினாடி என்று வைத்தால் மொத்தம் 90 காட்சிகள். ஒரு காட்சி தாமதமாகச் சொடுக்கினாலே ஒரு சதவீதத்துக்கு மேல் தவறு. 100 அடி அளவில் அது ஓர் அடிக்கு மேல், 25 அடி அளவில் கால் அடிக்குச் சற்றுக் கூடுதல். விரல் செய்யும் பிழை ஒன்றுதான், அதற்குக் கட்டும் அபராதம் நான்கு மடங்கு. தூரத்துக்கு எட்டுகிற மிகச் சிறிய அளவைத் தேர்ந்தெடுப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். பின்னணியில் பத்து ஜன்னல் திறந்து வைத்து மீட்டர் திக்கித் திக்கி ஓடும் கணினியில் ஆடுகிறவர் எந்தக் கணக்குப் போட்டும் பயனில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கிரீனுக்கு வெளியே நிலைமை கொஞ்சம் தளர்வானது, தேர்வுகளும் அதிகம். தரையோடு ஓடும் சிப், பாதி வானம் பாதி தரை என்று போகும் பிட்ச், உயரக் கிளம்பி விழுந்த இடத்திலேயே உட்காரும் ஃப்ளாப். புதியவர்களுக்கு ஃப்ளாப் மேல் ஒரு மோகம், பார்ப்பதற்கு அது அப்படி. குழிக்கு முன்னால் இடமிருந்தால் சிப்பே நம்பகமானது. உயரப் போகாத பந்தைக் காற்று அவ்வளவாகத் தொடாது. தரையில் இறங்கியபின் அது ஒரு பட்தான், மேலே சொன்ன அங்குலக் கணக்கு அப்படியே செல்லும். பந்து எங்கே விழ வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அங்கிருந்து குழிவரை உருளும் தூரத்தைத் தனியாகக் கணக்கிடுகிறவர்கள் நெருக்கமாக நிறுத்துகிறார்கள்.

60 கஜத்திலிருந்து அரை வேகத்தில் அடிப்பதா, 90 கஜத்திலிருந்து வெட்ஜ் மட்டையால் முழு வேகத்தில் அடிப்பதா? கிட்டே போவதுதானே நல்லது என்று தோன்றும். திரையில் பெரும்பாலும் அப்படியில்லை. முழு அடியில் பந்துக்குப் பின்சுழல் முழுசாகக் கிடைக்கிறது, விழுந்ததும் நிற்கிறது. அரை அடியில் சுழல் குறைந்து, பந்து எவ்வளவு உருளும் என்பது ஊகமாகிவிடுகிறது. அனுபவசாலிகள், ஐந்து அடியில் முடிக்க வேண்டிய பார்-5 குழிகளில் இரண்டாவது அடியை வேண்டுமென்றே குறைத்து, தங்கள் வெட்ஜின் முழுத் தூரத்தில் பந்தை நிறுத்துவது இதற்காகத்தான்.

எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதும் அப்போதே முடிவாகிவிட வேண்டும். குழிக்குக் கீழே பத்தடியில் இருக்கும் பந்து, மேலே ஐந்தடியில் இருக்கும் பந்தைவிட நல்லது. வேகமான கிரீன்களில் பல சமயம் இப்படித்தான். பிஜிஏ டூர் வீரர்களே 8 அடியிலிருந்து இரண்டுக்கு ஒன்றுதான் போடுகிறார்கள் என்பதால், கிட்டே நிற்பதைவிட ஏறி உருட்டும்படி நிற்பது பெரிது. டொனால்ட் ராஸ் வடிவமைத்த பைன்ஹர்ஸ்ட் எண் 2 மைதானத்தில் கிரீன்களின் விளிம்பு நாலாபுறமும் சரிந்து பந்தை வெளியே தள்ளும். அங்கே கொடியைக் குறிவைப்பதைவிட கிரீனின் நடுவைக் குறிவைப்பதே லாபம்.

கிரீனுக்குச் சற்று வெளியே நின்றாலும் பட்டரை எடுக்கத் தயங்க வேண்டாம். 1995-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனின் கடைசிக் குழியில் இத்தாலியின் கோஸ்டான்டினோ ரோக்கா, கிரீனுக்கு முன்னால் இருக்கும் ‘வேலி ஆஃப் சின்’ என்ற பள்ளத்தில் சிப் அடித்துச் சொதப்பினார். அடுத்து பட்டரை எடுத்து, பள்ளத்தின் அடியிலிருந்து சுமார் 60 அடி உருட்டி நேராகக் குழியில் போட்டு, முன்னிலையில் இருந்த ஜான் டேலியோடு சமன் செய்தார். திரையிலும் வெட்டிய ஓரப்புல்லில் பட்டர் ஓடும். கொஞ்சம் கூடுதலாகத் தள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அன்று அதைத் தொடர்ந்த நான்கு குழி பிளேஆஃபில் ரோக்காவுக்கு வெற்றி கிடைக்கவில்லை. 17-வது குழியின் பேர்போன ‘ரோடு ஹோல்’ மணல்குழிக்குள் விழுந்து, வெளியே வர மூன்று அடி ஆனது. திரையில் மணல் அவ்வளவு கொடூரமானதில்லை. பந்து கிடக்கும் நிலையை ஆட்டமே சதவீதமாகச் சொல்லிவிடும். 80 சதவீதம் என்று காட்டினால், 20 கஜம் போக வேண்டிய பந்துக்கு 25 கஜ வேகம் கொடுக்க வேண்டும். 60 சதவீதம் என்றால் 33 கஜம். சதவீதம் ஓர் எண்ணாக இல்லாமல் ‘70 முதல் 80’ என்று வீச்சாக வந்தால் நடுவை எடுத்துக்கொள்ளலாம். மணல்குழியின் விளிம்பு உயரமாக இருந்தால் மட்டும் கீழ் எண்ணை வைத்துக் கணக்கிட்டு, பந்து தாண்டிப் போனாலும் போகட்டும் என்று அடிப்பது உத்தமம்.