முதல் குறும்படம்: கேமரா ரெடி, ஐந்தருவி ரெடி... எழுத ஆள் எங்கே? - முழு விளக்கம்

சாரல் விழ ஆரம்பித்தால் போதும், ஐந்தருவிக்குப் போகும் சாலையில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவிந்துவிடும். குளிக்க வருகிற கூட்டத்தோடு சேர்ந்து இப்போதெல்லாம் இன்னொரு சின்னக் கூட்டமும் வருகிறது. கையில் கேமரா, தோளில் ட்ரைபாட், மனசில் ஒரு குறும்படம்.

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் பக்கத்து இளைஞர்களுக்கு லொகேஷன் தேடும் வேலையே இல்லை. மலை, அருவி, குளம், பழத்தோட்டம் எல்லாம் பைக்கில் போகிற தூரம்தான். செல்போனிலேயே படம் பிடிக்கலாம், நண்பர்களை நடிக்க வைக்கலாம், எடிட்டிங்கை லேப்டாப்பில் முடிக்கலாம். ஆனால் கேட்டுப் பார்த்தால் பலரும் சொல்வது ஒன்றுதான்: "ஒரு ஒன்லைன் இருக்கு, டெவலப் பண்ணத்தான் ஆள் கிடைக்கல."

அந்த ஆளை எங்கே தேடுவது? கிடைத்தால் என்ன பேசுவது? பெயர், பணம், உரிமை எல்லாம் எப்படி? பார்க்கலாம்.

நானே எழுதிக்கிட்டா என்ன?

எழுதலாம், தப்பே இல்லை. தமிழ் சினிமாவில் 'கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்' என்று நான்கையும் ஒரே பெயரில் போடும் கார்டுக்குத் தனி மவுசு உண்டு. முதல் படத்திலேயே அந்த கார்டு வேண்டும் என்ற ஆசை புரிந்துகொள்ளக்கூடியதுதான்.

ஆனால் முதல் படத்திலேயே எழுத்துக்கு ஆள் தேடியவர்களின் கதையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பாரதிராஜாவின் முதல் படம் '16 வயதினிலே' (1977). அதற்கு வசனம் எழுதியவர் பி.கலைமணி. அடுத்த வருடம் தீபாவளிக்கு வந்த 'அவள் அப்படித்தான்' படம், திரைப்படக் கல்லூரியில் படித்து வந்த ருத்ரய்யாவின் முதல் படம். அதன் எழுத்தில் அவரோடு சோமசுந்தரேஸ்வர் இருந்தார், வண்ணநிலவனும் இருந்தார். வண்ணநிலவன் நெல்லைக்காரர், 'கடல்புரத்தில்' நாவல் எழுதியவர். மனதில் இருப்பதைப் பேச்சுமொழியில் கொண்டுவருவது ருத்ரய்யாவுக்குச் சிரமமாக இருந்ததாகவும், அந்த வேலையை வண்ணநிலவன் பார்த்துக்கொண்டதாகவும் சொல்வார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், தனக்கு எது வராது என்று ருத்ரய்யாவுக்குத் தெரிந்திருந்தது. எழுத்தாளரைத் தேடுவதற்கு முன்னால் முதல் குறும்பட இயக்குநரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதுதான். கதையே இல்லையா? கதை இருக்கிறது, காட்சியாகப் பிரிக்க வரவில்லையா? காட்சி இருக்கிறது, ஆட்கள் பேசுவது மட்டும் நாடகம் மாதிரி இருக்கிறதா? மூன்றுக்கும் தேவைப்படும் ஆள் வேறு வேறு.

அனுபவசாலிகளும் இதைச் செய்கிறார்கள். 2019-ல் வந்த 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் தியாகராஜன் குமாரராஜாவோடு மிஷ்கின், நலன் குமரசாமி, நீலன் கே.சேகர் என மூன்று பேர் எழுத்தில் இருந்தார்கள். நலனே 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்து வந்தவர்தான்.

சரி, எங்கே தேடுவது?

பலரும் முதலில் நினைப்பது கோடம்பாக்கம். அங்கே உதவி இயக்குநர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தங்கள் சொந்தப் படத்துக்கான ஸ்கிரிப்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயாரிப்பாளரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள். தென்காசியில் எடுக்கும் பத்து நிமிடப் படத்துக்காக அதை ஓரமாக வைத்துவிட்டு வருவார்களா என்பது சந்தேகம்தான்.

உள்ளூரில் தேடுவது நல்லது. பெருமைக்குச் சொல்லவில்லை, குற்றாலத்துக்கு அந்தப் பழக்கம் ஏற்கெனவே உண்டு. ரசிகமணி டி.கே.சி. இங்கே வாழ்ந்தபோது அவரைப் பார்க்கவே எழுத்தாளர்கள் குற்றாலம் வந்தார்கள். பின்னாளில் கவிஞர் கலாப்ரியா 'பதிவுகள்' என்ற பெயரில் இலக்கியச் சந்திப்புகளைக் குற்றாலத்தில் நடத்தினார்.

இன்றைக்கு என்றால், சிறுகதைப் போட்டியில் பரிசு வாங்கிய உள்ளூர்ப் பெயர்களைப் பாருங்கள். மாவட்டப் புத்தகத் திருவிழா மேடையில் பேசுபவர்களை விட, கீழே உட்கார்ந்து கேட்பவர்களில் எழுதுகிறவர்கள் அதிகம். தமுஎகச, கலை இலக்கியப் பெருமன்றம் போன்ற அமைப்புகளின் கூட்டங்களுக்குப் போனால் ஒரே மாலையில் பத்து பேரைப் பார்த்துவிடலாம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தகவல் தொடர்பியல் துறை இருக்கிறது. கல்லூரித் தமிழ்த்துறை மாணவர்களை ஏனோ யாரும் கண்டுகொள்வதில்லை. வீதி நாடகம் போடுகிறவர்களையும் மறந்துவிட வேண்டாம். வசனம் வாயில் உட்காருமா, உட்காராதா என்பது அவர்களுக்கு உடனே தெரியும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. எழுத்தாளரைத் தேடுவதற்குப் பதிலாகக் கதையைத் தேடுவது. ச.தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' சிறுகதைதான் சசி இயக்கிய 'பூ' (2008) ஆனது. பாஸ்கர் சக்தியின் 'அழகர்சாமியின் குதிரை'யை 2011-ல் சுசீந்திரன் படமாக்கினார், வசனத்தையும் பாஸ்கர் சக்தியே எழுதினார். சுசீந்திரனின் முதல் படமான 'வெண்ணிலா கபடி குழு'வுக்கும் வசனம் அவர்தான். பிடித்த கதையை எழுதியவரையே கூட்டாளியாக்கிக் கொள்ளும் இந்த வழி, தெரியாத ஆளிடம் போய் "எழுதித் தாங்க" என்று நிற்பதைவிட எவ்வளவோ மேல்.

வாழும் எழுத்தாளர் என்றால் அவரிடமும், மறைந்தவர் என்றால் வாரிசுகளிடமும் எழுத்துப்பூர்வ அனுமதி கட்டாயம். எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை இருக்கும். புதுமைப்பித்தனைப் போல எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவர்கள் விஷயத்தில் இந்தச் சிக்கல் கிடையாது.

முதல் சந்திப்புக்கு என்ன கொண்டு போகணும்?

ஒரு பக்கம், அவ்வளவுதான். டீக்கடையில் ஒரு மணி நேரம் கை காலை ஆட்டிக் கதை சொல்வதைவிட, எழுதிய ஒரு பக்கம் அதிகம் பேசும். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே இந்த ஆள் சரிப்பட்டு வருவாரா என்று தெரிந்துவிடும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஐந்தருவிப் பக்கம் சீசனுக்கு மட்டும் பழக்கடை போடும் ஒரு பெரியவர். ஜூன் முடியப் போகிறது, அருவியில் தண்ணீர் இல்லை. கடனுக்கு எடுத்த பழம் அழுகுகிறது. இதுதான் ஒன்லைன்.

இதை ஒரு காட்சியாக எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிடப் படத்துக்குச் சுமார் பத்து பக்கம் என்பது கணக்கு, அதனால் ஒரு பக்கம் போதும். ஒருவர் "பெரியவரின் மனம் கனத்தது, எதிர்காலம் இருண்டது" என்று எழுதி வருவார். நல்ல தமிழ்தான், ஆனால் கேமராவுக்கு அங்கே வேலை இல்லை. இன்னொருவர் இப்படி எழுதலாம்: பெரியவர் அழுகின மங்குஸ்தானைத் தனியாகப் பொறுக்கி வைக்கிறார். கொஞ்ச நேரம் அதையே பார்க்கிறார். பிறகு அதில் இரண்டை எடுத்து, நல்ல பழங்களுக்கு நடுவே சொருகுகிறார். ஒரு கார் வந்து நிற்கிறது. "அண்ணாச்சி, தண்ணி விழுதா?" என்று கேட்கிறார்கள். "மலைக்கு மேல பெய்யுதுன்னு சொல்லுதாவ, ராத்திரிக்குள்ள வந்துரும்" என்கிறார்.

இந்த இரண்டாவது ஆளை விட்டுவிடாதீர்கள். மனுஷன் கஷ்டத்தில் இருக்கிறான், கொஞ்சம் பொய்யும் சொல்கிறான் என்பதை ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் சொல்லிவிட்டார். அந்த "சொல்லுதாவ" சென்னையில் உட்கார்ந்து எழுதினால் வருமா என்பதும் கேள்வி.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்படிச் சோதனைக்காக ஒரு பக்கம் கேட்கலாம். முழு ஸ்கிரிப்ட்டையும் 'சும்மா எழுதிக் காட்டுங்க' என்று கேட்டு வாங்குவது நியாயம் இல்லை.

அருவியை எழுதுறது அவ்வளவு ஈஸியா?

எழுத்தாளரை ஒரு நாள் ஐந்தருவிக்குக் கூட்டிப் போவது, பேப்பரில் செலவிடும் ஒரு வாரத்துக்குச் சமம். தண்ணீர் நன்றாக விழும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அங்கே உருக்கமான இரண்டு பக்க வசனம் எழுதினால் அத்தனையும் டப்பிங்கில்தான் போய் நிற்கும். அருவிக்கு எதிரே பேசாத காட்சி, கொஞ்சம் தள்ளி வெண்ணமடை குளம் பக்கம் பேசுகிற காட்சி என்று பிரித்து எழுதினால் செலவும் மிச்சம், படமும் நன்றாக இருக்கும்.

அடுத்தது, அது பொதுமக்கள் குளிக்கும் இடம். பெண்கள் குளிக்கும் பகுதியை நோக்கிக் கேமராவைத் திருப்பினால் பிரச்சினை வரும், வர வேண்டியதும்தான். குளிக்கும் கூட்டமே தேவைப்படாத மாதிரி காட்சி எழுத முடியுமா என்று யோசிப்பது புத்திசாலித்தனம்.

குரங்கு பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் காட்சி குற்றாலத்தைப் பார்த்த எல்லோர் மனதிலும் வரும். ஆனால் குரங்கைப் பழக்கி நடிக்க வைக்கச் சட்டப்படி தடை இருக்கிறது. அதை ஸ்கிரிப்ட்டிலேயே அடித்துவிடலாம்.

அனுமதியும் எழுத்தோடு சேர்ந்த விஷயம்தான். காடு, அருவி, சாலை ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டிய அலுவலகம் மாறும். 2023 ஏப்ரலில் இதே தென்காசி மாவட்டத்தின் மத்தளம்பாறையில் நடந்த 'கேப்டன் மில்லர்' படப்பிடிப்பையே உரிய அனுமதி இல்லை என்று மாவட்ட நிர்வாகம் நிறுத்தியது. தனுஷ் படத்துக்கே அந்த நிலை. மலைமேல் திடீர் மழை என்றால் குளிக்கத் தடை போடுவார்கள், அன்றைக்கு ஷூட்டிங்கும் அவ்வளவுதான். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளத்தில் 17 வயது மாணவர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. தண்ணீருக்குள் இறங்கும் காட்சி கதைக்கு உண்மையிலேயே தேவையா என்று இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

பெயரும் உரிமையும் யாருக்கு?

நட்பு முறியும் இடம் இதுதான். படம் எடுக்கும் வரை 'நம்ம படம்'. ஒரு விழாவில் பரிசு வாங்கியதும் 'என் படம்'.

2018-ல் 'சர்கார்' வெளியாகும் முன்பு நடந்தது நினைவிருக்கும். 2007-லேயே 'செங்கோல்' என்ற கதையைத் தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிந்திருந்ததாக உதவி இயக்குநர் வருண் ராஜேந்திரன் புகார் கொடுத்தார். கே.பாக்யராஜ் தலைமையில் இருந்த சங்கம், இரண்டின் கருவும் ஒன்று என்றது. ஏ.ஆர்.முருகதாஸ் அதை மறுத்தார். கடைசியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசம் ஆகி, ராஜேந்திரனின் பெயரைப் படத்தில் குறிப்பிட ஒப்புக்கொள்ளப்பட்டது. அவ்வளவு பெரிய படத்தில் ஓர் எழுத்தாளரை நிற்க வைத்தது பதிவு செய்த காகிதம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? வெறும் ஐடியாவுக்குக் காப்புரிமை கிடையாது. 1978-ல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுதப்பட்ட ஸ்கிரிப்ட்டுக்கு உரிமை உண்டு, அது எழுதிய நொடியிலேயே வந்துவிடும். பதிவு கட்டாயம் இல்லை என்றாலும், தகராறு வந்தால் ஆதாரமாக நிற்கும். எழுத்துப் படைப்புக்கான பதிவுக் கட்டணம் 500 ரூபாய்.

சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியராக இல்லாத ஒருவர் எழுதித் தந்தால், முதல் உரிமையாளர் அவர்தான். "நான்தானே ஐடியா சொன்னேன்" என்று இயக்குநர் சொல்வது இங்கே எடுபடாது. உரிமை கைமாற வேண்டும் என்றால் எழுத்தில் கையெழுத்து வேண்டும் என்கிறது 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பும் ஆசை இருந்தால் அதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

ஆகவே ஒரு பக்க ஒப்பந்தம். டைட்டில் கார்டில் யார் பெயர், என்ன வரிசையில், 'திரைக்கதை' என்றா 'வசனம்' என்றா? பணம் எவ்வளவு, இல்லை என்றால் இல்லை என்றே எழுதிவிடலாம். பரிசுத் தொகை வந்தால் எப்படிப் பங்கு? நாளைக்கு இதையே முழுநீளப் படமாக்கினால் எழுத்தாளருக்கு என்ன? 'முண்டாசுப்பட்டி', 'காதலில் சொதப்புவது எப்படி' எல்லாம் குறும்படமாக இருந்து பெரிய படம் ஆனவை என்பதால், இந்தக் கடைசிக் கேள்வியைச் சிரித்துக்கொண்டு தள்ளிவிட முடியாது. இதையெல்லாம் முதல் டிராஃப்ட்டுக்கு முன்னால் பேசுவது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். பரிசு வாங்கிய பிறகு பேசினால் சண்டையில் முடியும்.

ஐந்தருவியில் எடுக்கிறவர்களுக்கு இதே 19-வது பிரிவில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாவிட்டால், எழுதி வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தவில்லை என்றால் அது காலாவதி ஆகிவிடும். குற்றால சீசன் ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஜூலையில் கையெழுத்துப் போட்டு, தண்ணீர் குறைந்துபோனதால் படப்பிடிப்பைத் தள்ளிவைத்தால், அடுத்த சாரல் வருவதற்கும் அந்த ஒரு வருடம் முடிவதற்கும் இடையே சில வாரங்கள்தான் மிச்சம் இருக்கும். அந்த வருடமும் பருவமழை தாமதமானால் என்ன செய்வது? 'இரண்டு சீசன் வரை செல்லும்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம், எந்தெந்த மாதம் வரை என்று தேதியோடு.