ஆங்கிலம் பேசும் தமிழ் நாக்கு – 6: எடை விழும் இடம்

ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஒலி வேறொன்றாக இருப்பது ஏன் என்று சென்ற வாரம் பார்த்தோம். 1476-ல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் உறைந்தது. அதே காலத்தில் நெடில் உயிர்கள் இடம்பெயர்ந்துகொண்டிருந்தன. ஏறக்குறைய ‘நாம’ என்று ஒலித்த சொல் ‘நேம்’ ஆனது. எழுத்து பழையபடியே நின்றுவிட்டது. ஆகவே ஆங்கில உச்சரிப்பைக் கண்ணால் பிடிக்க முடியாது, காதால்தான் பிடிக்க வேண்டும். அந்தக் காது எதைக் கவனிக்க வேண்டும்? இந்த வாரம் அதுதான்.

உச்சரிப்பைத் திருத்துகிறேன் என்று யார் வந்தாலும் முதலில் கைவைப்பது ‘ஃப’விலும் ‘இஸட்’டிலும்தான். அவையும் வேண்டியவைதான். மேல்பல் கீழுதட்டைத் தொட, காற்றை விட்டால் ‘ஃப’ வந்துவிடும்; சில நாள் பழக்கம் போதும். ஆனால் போனில் பேசும் வெளிநாட்டு வாடிக்கையாளர் “சாரி, இன்னொரு முறை சொல்லுங்கள்” என்று திரும்பத் திரும்பக் கேட்பதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன.

ஒரே ‘பேக்’, நான்கு சொற்கள்

முதுகு, தோளில் மாட்டும் பை, மூட்டை கட்டுவது, ரொட்டி சுடுவது. இந்த நான்குக்குமான ஆங்கிலச் சொற்களையும் நாம் ‘பேக்’ என்றுதான் எழுதுகிறோம். எழுதுகிற மாதிரியே சொல்லியும் விடுகிறோம். ஆங்கிலக் காதுக்கு நான்கும் வெவ்வேறு.

ரொட்டி சுடுவதற்கான சொல்லில் உயிரொலி ‘எ’யில் தொடங்கி ‘இ’யை நோக்கி நழுவும், ‘பெய்க்’ என்பது போல. மற்ற மூன்றிலும் வாய் நன்றாகத் திறந்து, ‘அ’வுக்கும் ‘எ’வுக்கும் இடைப்பட்ட ஒலி வரும்.

இப்போது ஒரு துண்டுத் தாளை உதட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு ‘பப்பாளி’ என்று சொல்லிப் பாருங்கள். தாள் பெரிதாக அசையாது. மூட்டை கட்டுவதற்கான ‘பேக்’கைச் சொல்லும்போது அந்தத் தாள் துள்ள வேண்டும். சொல்லின் தொடக்கத்தில் வரும் ப, ட, க ஒலிகளோடு ஆங்கிலத்தில் ஒரு மூச்சு வெடித்து வரும். அது இல்லாவிட்டால், கேட்பவர் காதில் மூட்டை முதுகாகிவிடும்.

முதுகையும் பையையும் பிரிப்பது எப்படி? தொண்டையில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். பையைச் சொல்லும்போது உயிரொலி நீள வேண்டும். அதிர்வு கடைசிவரை விரலுக்குத் தெரிய வேண்டும். முதுகைச் சொல்லும்போது உயிரொலி சட்டென்று அறுபட வேண்டும். இரண்டிலும் இறுதியில் உகரம் ஒட்டக் கூடாது. தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. அதனால் குற்றியலுகரத்தைச் சேர்த்து ‘பேக்கு’, ‘பஸ்ஸு’ என்று முடிப்பது நம் நாவின் இயல்பு. ஆங்கிலத்தில் அது இல்லாத ஓர் அசையைக் கூட்டிவிடுகிறது.

தமிழ் நமக்குத் தந்திருக்கும் வசதிகளும் உண்டு. குறில், நெடில் பிரித்து வளர்ந்த காது நமக்கு. கப்பலுக்கான ‘ஷிப்’பையும் ஆட்டுக்கான ‘ஷீப்’பையும் பிரிக்க ஸ்பானியரும் இத்தாலியரும் திணறுகிறார்கள், நமக்கு அது எளிது. ஆங்கில டகரமும் நமக்கு முழுக்க அந்நியமல்ல. நாக்கை மடிக்காமல், நுனியால் மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டைத் தொட்டால் அது பிறக்கும். யாழ்ப்பாணத்தார் ‘வெற்றி’, ‘காற்று’ என்று சொல்லும்போது றகரம் அந்த இடத்தில்தான் பிறக்கிறது. கனடாவின் நகரை அவர்கள் ‘ரொறன்ரோ’ என்று எழுதுவதன் காரணமும் இதுவே. ஒலி பிறக்கும் இடத்தை நாக்கு, பல், அண்ணம் என்று வகுத்துச் சொல்லத் தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இருக்கிறது. வாய்க்குள் நடப்பதைக் கவனிப்பது நமக்குப் புது வித்தை அல்ல.

ஓர் அசை ஓங்கும், மற்றவை ஒடுங்கும்

இனி, தமிழ் நாக்கு அதிகம் தடுமாறும் இடத்துக்கு வருவோம். தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. பெரும்பாலும் ஒவ்வோர் அசையும் தன் அளவைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட அசை உள்ள சொல்லில் ஏதாவது ஓர் அசைதான் முழு எடையையும் தாங்கும். அது உரத்து, நீண்டு, சற்று மேல் சுருதியில் ஒலிக்கும். மற்றவை அதற்காக ஒடுங்கும்.

‘ஹோட்டல்’ என்ற சொல்லில் நாம் முதல் அசையில் எடை வைக்கிறோம். ஆங்கிலத்தில் எடை கடைசியில்: ‘ஹோ-டெல்’. ‘ஈவென்ட்’டில் எடை ‘வென்’னில். ‘டெவலப்’பில் நடு அசையில்: ‘டி-வெ-லப்’. தமிழ்ப் பேச்சுக்குள் இவை நம் சொற்களாகிவிட்டன, அங்கே அப்படியே இருக்கட்டும். ஆங்கிலத்தில் பேசும்போது எடையை இடம் மாற்றினால் போதும்.

ஒரு குடும்பத்துச் சொற்களிலேயே எடை இடம் மாறும். ‘ஃபோட்டோகிராஃப்’பில் முதல் அசை. ‘ஃபோட்டோகிராஃபி’யில் இரண்டாவது அசை; ஆகவே முதல் ‘ஃபோ’ சுருங்கி ‘ஃப-டாக்-ர-ஃபி’ ஆகிவிடும். ‘ஃபோட்டோகிராஃபிக்’கில் எடை மூன்றாவது அசைக்குப் போகும்.

எடை இழந்த அசையில் என்ன மிஞ்சும்? நாக்கு ஓய்வாகக் கிடக்க, வாய் அரைகுறையாகத் திறந்திருக்கப் பிறக்கும் மங்கலான ஓர் ‘அ’. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி இதுதான். அதற்கென்று தனி எழுத்துகூடக் கிடையாது. ‘பனானா’வில் ஒரே உயிரெழுத்து மூன்று முறை வருகிறது, நடுவில் உள்ளது மட்டும் முழுதாக ஒலிக்கும், முதலும் கடைசியும் மங்கிவிடும். அகராதியில் தலைகீழாகக் கிடக்கும் ஆங்கில ‘e’ எழுத்துதான் இதன் அடையாளம். எடை தாங்கும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு செங்குத்துக் கோடு இருக்கும். டேனியல் ஜோன்ஸ் 1917-ல் வெளியிட்ட ஆங்கில உச்சரிப்பு அகராதியின் வழியில், மாணவர்களுக்கான நல்ல அகராதிகள் எல்லாம் இவற்றைத் தருகின்றன. பொருள் பார்க்க அகராதியைத் திறக்கும்போது அந்தக் கோட்டையும் பாருங்கள்.

முடியும் என்றால் முடியாது

வாக்கியத்திலும் இதே விதிதான். “ஐ கேன் கம்” என்பதில் எடை ‘கம்’மில். ‘கேன்’ ஒடுங்கி ‘க்ன்’ என்று கரைந்துவிடும். நாமோ மூன்று சொல்லையும் சம எடையில் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறோம். அமெரிக்கர் பேச்சில் ‘கேன்ட்’டின் கடைசி ‘ட்’ பெரும்பாலும் வெளியே வராது. அதனால் ‘கேன்’ முழுதாக ஒலித்தாலே அவர் காதுக்கு ‘வர முடியாது’ என்று பட்டுவிடும். நேர்காணலில் இரவுப் பணிக்குச் சம்மதம் சொன்னவர் மறுத்தவராகிவிடலாம். இலக்கணம் சரி, சொற்கள் சரி, எடை மட்டும் தவறு.

ஆர். கே. பன்சல், இந்தியர் பேசும் ஆங்கிலம் மற்றவர்களுக்கு எவ்வளவு புரிகிறது என்று ஆராய்ந்து எழுதிய நூலை ஹைதராபாத் மத்திய ஆங்கில நிறுவனம் 1969-ல் வெளியிட்டது. புரியாமல் போவதற்கு அவர் கண்ட முக்கியக் காரணங்களில் ஒன்று, தவறான இடத்தில் விழும் எடை. கனடாவில் முர்ரே மன்றோவும் ட்ரேசி டெர்விங்கும் 1995-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: தாய்மொழிச் சாயல் அழுத்தமாக இருந்தாலும் பேச்சு முழுக்கப் புரியலாம். சாயல் வேறு, புரிதல் வேறு. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். லண்டன்காரர் மாதிரி பேச வரவில்லையே என்று வகுப்பில் வாய் மூடி உட்கார்ந்திருக்கும் கிராமத்துப் பிள்ளைக்கு அந்தக் கூச்சம் தேவையே இல்லை. சாயல் இருக்கட்டும். எடையைச் சரிசெய்தால் எந்த நாட்டவருக்கும் புரியும்.

இந்த வாரப் பயிற்சி: உங்கள் படிப்பிலும் வேலையிலும் தினமும் புழங்கும் பத்துச் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இன்ஜினியர்’ என்றால் எடை கடைசி அசையில். ‘சர்டிஃபிகேட்’ என்றால் இரண்டாவதில். ‘ஷன்’ என்றோ ‘இக்’ என்றோ முடியும் சொற்களில் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசையில்: எஜுகேஷனில் ‘கே’, எகனாமிக்கில் ‘னா’. மற்றவற்றுக்கு அகராதியைப் பாருங்கள். செல்போன் அகராதியில் ஒலிப்பெருக்கிப் படத்தைத் தொட்டுக் கேளுங்கள். கேட்டதைச் சொல்லிப் பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிடுங்கள். எடை விழும் அசையில் மேசையைத் தட்டிக்கொண்டே சொன்னால் சீக்கிரம் படியும். தனித்தனிச் சொல்லாகப் படிந்த பிறகு, அதே சொல்லை நீங்கள் வழக்கமாகப் பேசும் வாக்கியத்துக்குள் வைத்துச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம், கேள்வியிலும் பதிலிலும் குரல் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று பார்ப்போம். அதற்குள் பத்துச் சொற்களும் நாக்கில் படிந்திருக்கட்டும்.

(தொடரும்)