பதினோரு வயதும் நடுநிலைப் பள்ளியும்

தாமிரபரணிப் பாசனத்தில் உள்ள ஊர்களில் ஐந்தாம் வகுப்பைக் கடந்த பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் அதிகம் கவலை கொள்வதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்துவிட்டது. ஆறாம் வகுப்பும் பெரும்பாலும் அதே வளாகத்தில்தான் நடைபெறுகிறது. ஆதலின் எல்லாம் முன்போலவே நடக்கும் என்று நினைத்துவிடுகிறோம். உண்மை அதுவன்று. பதினொன்று முதல் பதினான்கு வரையிலான இம்மூன்று ஆண்டுகளில் ஒரு பிள்ளையின் உடலும் உள்ளமும் மாறும் வேகம், கைக்குழந்தைப் பருவத்திற்குப் பிறகு வேறெப்போதும் காணாத வேகமாகும். பெண் பிள்ளைகளுக்கு இவ்வளர்ச்சி முந்திக்கொள்கிறது. ஆண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிந்தி வருகிறது. ஒரே பெஞ்சியில் அமர்ந்த இருவரில் ஒருத்தி வளர்ந்த பெண்ணாகவும், மற்றொருவன் சிறுவனாகவும் தோன்றுவது இதனாலேயே.

இவ்வளர்ச்சிக்கு முதல் தேவை வயிறார உணவு. பள்ளியில் உணவு என்னும் வழக்கத்தில் நம் பகுதிக்குத் தனிப் பெருமை உண்டு. அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த எட்டயபுரத்தில்தான் 1956-ல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவுத் திட்டம் கிராமங்களுக்கு வந்தபோது அது சிறு குழந்தைகளுக்கென்றே அமைந்தது. 10 முதல் 15 வயதுடையோர் அதில் சேர்க்கப்பட்டது 1984-ல்தான். 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையெனவே வகுக்கப்பட்டது. அவ்வரம்பின்படி, ஏப்ரல் வரை பள்ளியில் காலை உண்ட பிள்ளை, ஜூனில் ஆறாம் வகுப்பில் அடியெடுத்து வைத்ததும் பந்தியை விட்டு எழுந்துவிட வேண்டியதாகிறது. வளரும் பருவம் தொடங்கும் நேரம் பார்த்து இலை எடுக்கப்படுவதை என்னவென்று சொல்வது! சிறியவர்களுக்கு முதலிடம் தருவது நியாயமே. ஆனால் நடுப்பட்ட வயதினர் ஒவ்வொரு முறையும் பிந்தியே நினைவுக்கு வருகிறார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

மதிய உணவின் அளவில் இவ்வேற்றுமை சரியாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும் என்றால், ஆறு முதல் எட்டாம் வகுப்பினருக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் தரவேண்டுமென விதி உள்ளது. அரிசி 100 கிராமிலிருந்து 150 கிராமாக உயர்கிறது. சமையற்கூடத்தைப் பார்வையிடும் பஞ்சாயத்து உறுப்பினர் இந்த எண்களை நினைவில் வைத்துக்கொண்டு அகப்பையைப் பார்ப்பது நலம்.

அடுத்து இரத்தச் சோகை. 2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இதற்கு ஆளாகியிருப்பதைக் காட்டிற்று. இதன் வித்து பூப்பெய்தும் வயதிலேயே விழுந்துவிடுகிறது. இதற்கெனப் பள்ளிகளில் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை வழங்கும் திட்டம் வகுக்கப்பட்டது. மாத்திரையை வாங்கிய பிள்ளைகளில் சிலர் அதைச் சன்னல் வழியே எறிந்துவிடுவதும் உண்டு. வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். அந்தப் பயமே காரணம். மதிய உணவுக்குப் பின், ஆசிரியரின் கண்முன் விழுங்கச் செய்தால் இத்தொல்லை பெரிதும் குறையும். உடனே தேநீர் அருந்தினால் இரும்புச் சத்து உடலில் சேராமற் போகும். நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் நன்கு சேரும். முருங்கைக் கீரையை நம் வீட்டுக் கொல்லையில் வைத்துக்கொண்டு மாத்திரையை மட்டும் நம்பியிருப்பதும் அறிவுடைமையன்று.

பெண் பிள்ளைகளைக் குறித்து ஒன்றை வெளிப்படையாகவே கூறவேண்டும். மாதவிடாய் நாட்களில் வகுப்புக்கு வராத சிறுமி படிப்பில் ஆர்வமற்றவள் அல்லள். பள்ளிக் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் நீர் இல்லை, அவ்வளவே. வற்றாத ஆறு ஓடும் நாட்டில் பள்ளிக்கூடத் தொட்டி வறண்டு கிடப்பதற்கு எவ்வித சமாதானமும் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறையைக் கட்டாயமாக்கியுள்ளது. கட்டடம் எழும்பிவிடுகிறது, பராமரிப்புத்தான் நின்றுவிடுகிறது. மூடியுள்ள குப்பைத் தொட்டி, வாளி, தாழ்ப்பாள், நாள்தோறும் நீர் ஆகிய இந்நான்கிற்கும் ஆகும் செலவு சொற்பமே.

இனி வீட்டு வேலையைப் பார்ப்போம். பிசான அறுவடை பிப்ரவரி, மார்ச்சில் வரும். ஆண்டுத் தேர்வும் அதைத் தொடர்ந்தே வரும். முன்பெல்லாம் கதிர் அறுக்கப் பிள்ளைகளின் கையும் வேண்டியிருந்தது. அறுவடை இயந்திரம் வந்தபின் வயல் அவர்களை விட்டுவிட்டது. ஆனால் முக்கூடல், ஆலங்குளம், வீரவநல்லூர் வட்டாரங்களில் பீடித் தட்டுக்கு எந்த இயந்திரமும் வரவில்லை. தாய் சுற்றும் பீடிகளின் எண்ணிக்கையை நிறைவு செய்யப் பள்ளியிலிருந்து திரும்பிய பெண் பிள்ளை இலை வெட்டவும் நூல் கட்டவும் அமர்கிறாள். புகையிலைத் தூளையும் அவள் சுவாசிக்கிறாள். 14 வயது நிறையாதவரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. எனினும் வீட்டுத் திண்ணைக்குள் சட்டம் நுழைவது எளிதன்று. கூலி உயராத தாயைக் குற்றஞ்சாட்டுவதும் தகாது. மாலையில் ஒரு மணி நேரம் பள்ளியைத் திறந்து வைத்து, விளக்கும் ஒரு படித்த இளைஞரும் இருக்க ஏற்பாடு செய்தால், பிள்ளை தட்டின் முன் அமரும் நேரம் குறையும். இதைப் பஞ்சாயத்து செய்ய முடியும்.

இவ்வயதின் மற்றொரு தேவை, நாலு பேர் நடுவே தானும் ஒருவன் என்னும் நிலை. ஐந்தாம் வகுப்பு வரை ஆசிரியரின் சொல்லே வேதம். பிறகு தோழர்களின் சொல் மேலெழும்புகிறது. நல்ல குழு கிடைத்தால் பிள்ளை அதில் சேரும். கிடைக்காவிடில் கெட்டதில் சேரும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த மேல்நிலை மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் அவனுடைய பள்ளியிலேயே பயின்ற மாணவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யவும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிச் சொற்களை நீக்கவும் அது பரிந்துரைத்தது. மேல்நிலைப் பள்ளியில் அவிழ்க்க முயலும் கயிறு, நடுநிலை வகுப்பிலேயே மணிக்கட்டில் ஏறிவிடுகிறது என்பது நம் கருத்து. அதைக் கட்டிவிடுவது பெரும்பாலும் பெரியவர்களே. ஊர்க் கொடைக்கு வண்ணப் பனியன் அச்சடித்துப் பிள்ளைகளுக்கு வழங்கும் அண்ணன்மார், பள்ளிக் கூட்டத்தில் ஒழுக்கம் பற்றிப் பேசுவதை யாரும் நம்பமாட்டார்கள். இதே ஆற்றங்கரையில், சேரன்மகாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் சாதியின் பேரால் பந்தி பிரிந்ததனால் 1924–25-ல் தமிழகமே கொந்தளித்ததை நாம் மறந்துவிடலாகாது.

இதற்கு மாற்று, பிள்ளைகள் கலந்து செய்யும் வேலைகளே. ஆறு முதல் எட்டாம் வகுப்பினர் அறிவியலையும் கணிதத்தையும் கையால் செய்து பார்த்துக் கற்க 2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. உடற்கல்வி, ஓவியம், தையல் முதலியவற்றிற்காக 2012-ல் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேர் நியமிக்கப்பட்டனர். கபடி அணியிலும், பள்ளித் தோட்டத்திலும், நாடகத்திலும் யார் யாரோடு சேர்வதென்பதை ஆசிரியர் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தாலே பாதி வேலை முடிந்தது. கணக்கை முடிக்க இந்த நேரத்தைப் பறிப்பவர் கணக்கையும் முடிப்பதில்லை.

பஞ்சாயத்து யூனியன்கள் ஏற்பட்ட காலத்தில் தொடக்கப் பள்ளிகளும் நடுநிலைப் பள்ளிகளும் அவற்றிடம் வந்தன. 1981-ல் ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். எனினும் பெயர்ப்பலகையில் ‘ஊராட்சி ஒன்றியம்’ நிற்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், ஊராட்சியின் பிரதிநிதிகளும் உண்டு. தாழ்ப்பாள் முதல் மாலை வகுப்பு வரை மேலே கண்டவை அனைத்தும் அக்குழுவின் தீர்மானப் புத்தகத்தில் ஏறக்கூடியவை.

எட்டாம் வகுப்பின் முடிவில் ஓர் இடறல் உள்ளது. கல்வி உரிமைச் சட்டம் அத்துடன் நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்போ பல சிற்றூர்களுக்கு அடுத்த ஊரில்தான். மே மாதத்திலேயே உறுப்பினர் ஒருவர் தலைமையாசிரியரிடம் எட்டாம் வகுப்பை முடித்தவர்களின் பட்டியலைப் பெற்றுக்கொள்ளட்டும். ஜூன் இறுதியில், அடுத்த ஊர் உயர்நிலைப் பள்ளியின் சேர்க்கைப் பதிவோடு அதை ஒப்பிடட்டும். விடுபட்ட பெயர் ஒவ்வொன்றின் வீட்டுக்கும் சென்று, மாற்றுச் சான்றிதழ் தடையா, காலைப் பேருந்து நேரம் தடையா, பீடித் தட்டா என்று கேட்டறிந்து, ஆகஸ்ட் 15 கிராம சபையில் எண்ணிக்கையை, பிள்ளைகளின் பெயர் கூறாமல், அறிவிக்கட்டும்.